டாக்மார்ட்டும் சிங்கப்பூர் ஈரமும்: 1460 பூட்ஸ் பற்றி ஒரு மதிப்புரை

டாக்டர் மார்ட்டென்ஸ் 1460 இந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் தாக்குப்பிடிக்கும் பூட்ஸ்தான். தப்பு நடப்பது தோலைத் தேர்ந்தெடுக்கும்போது. கடைக்குள் நுழைந்ததும் கண்ணைப் பறிப்பது பளபளக்கும் கறுப்பு ‘ஸ்மூத்’ தோல். முதல் ஜோடி வாங்குகிறவரை அதிகம் படுத்துவதும் அதுதான். ‘நாப்பா’ அல்லது ‘கிரீஸி’ தோலில் எடுத்தால் ஏழெட்டு நாளில் காலோடு பழகிவிடும். ஸ்மூத் என்றால் மூன்று நான்கு வாரம் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமை இருந்தால் தாராளமாக ஸ்மூத்தே வாங்கலாம். கூர்மையான பளபளப்பு அதில் மட்டும்தான் வரும்.

இதோடு இன்னொரு பேச்சும் எப்போதும் சேர்ந்தே வருகிறது. “இப்ப வர்றதெல்லாம் பழைய டாக்மார்ட் மாதிரி இல்ல” என்று நாற்பது, ஐம்பது வயதைத் தொட்ட அண்ணன்மாரும் மாமாக்களும் சொல்கிறார்கள். ‘டாக்ஸ்’ என்று சுருக்கிச் சொல்லும் பதினாறு வயதுப் பிள்ளை அந்தப் பழைய ஜோடியைப் பார்த்ததே இல்லை. இருவரும் பேசுவது ஒரே பூட்ஸைப் பற்றித்தான், ஆனால் அதனிடம் எதிர்பார்ப்பது வேறு வேறு. வாங்கப் போகும் பிள்ளையும் வாங்கித் தரப் போகும் பெரியவரும் சேர்ந்து படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

1460 என்ற எண் ஒரு தேதி. 1960 ஏப்ரல் 1 அன்று இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில், வொல்லஸ்டன் என்ற ஊரில், கிரிக்ஸ் குடும்பத்தின் தொழிற்சாலையிலிருந்து முதல் ஜோடி வெளிவந்தது. காற்றடைத்த சோல் யோசனை ஜெர்மானிய மருத்துவர் கிளாஸ் மார்ட்டென்ஸுடையது. பனிச்சறுக்கில் காலில் அடிபட்டபோது தனக்காகவே அவர் செய்து பார்த்தது அது. 2 பவுண்டுக்கு விற்ற பூட்ஸைத் தபால்காரர்களும் ஆலைத் தொழிலாளர்களும் போட்டார்கள். 1960களின் கடைசியில், ஜமைக்காவிலிருந்து வந்த ஸ்கா இசைக்கு ஆடிய தொழிலாளர் வீட்டுப் பையன்கள் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு (‘ஸ்கின்ஹெட்’ என்ற பெயர் அதனால்தான்), இந்த பூட்ஸையே தங்கள் அடையாளமாக்கினார்கள். அப்புறம் பங்க் ராக் கூட்டம், அப்புறம் கிரஞ்ச் ராக் கூட்டம். 2003-ல் தயாரிப்பின் பெரும்பகுதி ஆசியாவுக்கு வந்தது. இன்று வொல்லஸ்டனில் சிறிய அளவில் ‘மேட் இன் இங்கிலாந்து’ என்ற தனி வரிசையைச் செய்கிறார்கள். அதன் விலை கணிசமாகக் கூடுதல்.

மாமாக்கள் சொல்வதில் பாதி சரி. இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்து, கணுக்காலுக்கு மேலே இருக்கும் தோலை விரலால் கிள்ளிப் பாருங்கள். இங்கிலாந்து ஜோடி விறைப்பாக நிற்கும், மற்றது எளிதில் மடங்கும். இன்றைய ஸ்மூத் தோல், மேற்பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்தி மேலே பூச்சுக் கொடுத்த தோல். விரல்களுக்குப் பின்னால் பாதம் மடங்கும் இடத்தில் முதலில் உடைவது அந்தப் பூச்சுதான். ஆனால் அடிப்பாகத்தின் வேலை மாறவில்லை. மேல்தோலை வெல்ட் என்ற பட்டையோடு மஞ்சள் நூலால் தைக்கிறார்கள், பிறகு அந்தப் பட்டையையும் பிவிசி சோலையும் சூட்டில் உருக்கி ஒட்டுகிறார்கள். அன்றும் இதே முறைதான். இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். முப்பது வருடம் தாண்டி இன்று கண்ணில் படும் பழைய ஜோடிகள் எல்லாம் யாரோ ஒருவர் அக்கறையாகப் பார்த்துக்கொண்டவை. பார்த்துக்கொள்ளாதவை எப்போதோ குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டன. எஞ்சியதை மட்டும் வைத்து அந்தக் காலத்துச் சரக்கே உசத்தி என்று முடிவுகட்ட முடியாது.

பூட்ஸைவிட அதிகம் மாறியது அதைப் போடும் காரணம். 1970களில் இங்கே நீளமுடி வைத்த ஆண்களை அஞ்சலகத்திலும் அரசாங்க அலுவலகத்திலும் கடைசியாகத்தான் கவனிப்பார்கள்; சுவரிலேயே அப்படி அறிவிப்பு ஒட்டியிருந்தது. 1990களில் கச்சேரிகளில் ஒருவரோடொருவர் மோதி ஆடும் ஸ்லாம் டான்ஸுக்குத் தடை வந்தது. அப்படிப்பட்ட ஊரில் பூட்ஸ் வாங்குவது என்றால் ஒரு கூட்டத்தில் சேர்வது. காசு சேர்த்து ஃபார் ஈஸ்ட் பிளாசாவுக்கோ கோல்மன் ஸ்திரீட்டின் பெனின்சுலா கடைத்தொகுதிக்கோ போவார்கள். வார இறுதியில் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் சப்ஸ்டேஷன். நாடக ஆசிரியர் குவோ பாவ் குன் 1990-ல் தொடங்கிய அந்தக் கலை இல்லம் எத்தனையோ பங்க், மெட்டல் குழுக்களுக்கு மேடை கொடுத்தது. 2021-ல் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறியது. 1992-ல் இங்கே உருவான ருத்ரா என்ற இசைக்குழு, வேதாந்தத்தையும் சமஸ்கிருத மந்திரங்களையும் டெத் மெட்டல் என்ற முரட்டு ராக் இசைக்குள் கொண்டுவந்தது. இது வெள்ளைக்காரர் வீட்டுச் சங்கதி என்று ஒதுங்கி நின்ற இந்திய வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் குழு என்னவாக இருந்தது என்பதை அந்தத் தலைமுறையிடம் கேட்டால் மணிக்கணக்காகச் சொல்வார்கள்.

இன்றைய பிள்ளையின் கைப்பேசியில் கானா பாட்டும் கோத் ராக்கும் கிரைண்ட்கோரும் அடுத்தடுத்து ஓடும். 2007-ல் இங்கே தொடங்கிய வொர்ம்ராட் என்ற கிரைண்ட்கோர் குழு 2017-ல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழா மேடை ஏறியதைக் கேட்டு வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள், எந்தக் குழுவையும் அறியாமல் பூட்ஸின் வடிவம் பிடித்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். உடையும் இசையும் ஒன்றையொன்று கட்டிப்போடவில்லை. இதில் நமக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. “அந்த பேண்டோட மூணு பாட்டச் சொல்லு பார்ப்போம்” என்று டி-சட்டை போட்ட பிள்ளையை மடக்கும் பழக்கம்தான் வருத்தம் தருகிறது. அந்த ஐந்து நிமிடத்தில் லேஸ் கட்டவோ பூசணம் துடைக்கவோ சொல்லிக்கொடுக்கலாம். தலைமுறை மாறும்போது உண்மையிலேயே கைநழுவிப் போவது அந்தக் கைப்பழக்கம்தான்.

தோல் வகைகள்

நாப்பா மென்மையானது, பூச்சு குறைவு, தோலுக்கான கிரீமை நன்றாக உறிஞ்சும். கீறல் சீக்கிரம் விழும், பூசணமும் சீக்கிரம் பிடிக்கும். கிரீஸி எண்ணெயும் மெழுகும் ஏறிய தோல். மழைத்துளி கொஞ்ச நேரம் உருண்டு நிற்கும், கீறலை விரலால் தேய்த்தாலே மங்கும். பளபளப்பு மட்டும் வராது. மழையில் அடிக்கடி நடப்பவருக்கு எங்கள் பரிந்துரை கிரீஸிதான். ஸ்மூத்தின் பூச்சு பூசணத்தை மேலோட்டமாக நிறுத்திவிடும், ஈரத்துணியால் ஒரு துடைப்பில் போய்விடும். அந்த ஒரு விஷயத்தில் மற்ற இரண்டையும் விட அது மேல்.

செயற்கைத் தோல் ஜோடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இந்தக் கேள்வி எழும். மாட்டுத்தோலை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்று பாட்டி சொன்னால் அதற்குப் பதில் ‘வீகன்’ 1460. தையல், சோல், எட்டுத் துளை எல்லாம் அதேதான். முதல் நாளே மென்மையாக இருக்கும், கொப்புளம் அரிது. ஆனால் மேலே இருப்பது பாலியூரித்தேன் பூச்சுள்ள துணி. பாலியூரித்தேனுக்குச் சூடும் ஈரமும் ஆகாது. காற்றிலுள்ள ஈரமே அதன் பிணைப்பை மெல்ல உடைக்கும், மடிப்பு விழும் இடத்தில் செதில் செதிலாக உரியும். இயற்கைத் தோலில் விழுந்த வெடிப்பை கிரீம் போட்டு ஓரளவு மறைக்கலாம். உரிந்த பூச்சை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் வீகன் ஜோடியை மூடிய அலமாரியில் எடுத்து வைத்துக் காப்பாற்ற நினைக்காதீர்கள். வாங்கினால் போட்டுத் தேயுங்கள். எண்ணெயோ பாலிஷோ போட வேண்டாம், ஈரத்துணி போதும்.

மலிவான போலி பூட்ஸ்களிலும் சில பெயர் பெற்ற மலையேற்றக் காலணிகளிலும் சோலே பாலியூரித்தேன். சில வருடம் பெட்டியில் கிடந்துவிட்டு வெளியே எடுத்துப் போட்டால், பத்தடி நடப்பதற்குள் சோல் கேக் மாதிரி உதிர்ந்து விழுவது இதனால்தான். 1460-ன் பிவிசி சோலுக்கு இந்த நோய் கிடையாது. ஈரம் மிகுந்த ஊரில் இந்த பூட்ஸை நாங்கள் பரிந்துரைக்க முதல் காரணமே இதுதான். தடித்த பிளாட்ஃபார்ம் வகைகளிலும் எடை குறைந்த புது வகைகளிலும் சோல் வேறு பொருளாக இருக்கலாம். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

அளவும் பழக்குதலும்

பிரிட்டிஷ் முழு எண்களில்தான் அளவு வரும், அரை எண் கிடையாது. சிலிப்பர் போட்டே வளர்ந்த காலுக்கு முன்பாதம் அகன்றிருக்கும். அதனால் இரண்டு எண்களுக்கு நடுவே நிற்பவர் பெரியதை எடுத்து, உள்ளே ஒரு இன்சோல் சேர்த்துக்கொள்வது நல்லது. சாயங்காலம் போய் அளவு பாருங்கள். வெயிலில் நடந்த கால் காலையைவிடச் சற்று வீங்கியிருக்கும். லேஸ் கட்டி நடக்கும்போது குதிகால் அரை சென்டிமீட்டர் உயர்ந்தால் பயமில்லை, தோல் மடங்கப் பழகியதும் அது குறையும். சுண்டுவிரல் பக்கவாட்டில் இடித்தால் மட்டும் வாங்காதீர்கள். அகலம் கொஞ்சம் விரியும், நீளம் ஒருபோதும் விரியாது.

ஸ்மூத் ஜோடியைப் பழக்கும் முறை இது. முதலில் பூட்ஸைக் கையில் எடுத்துக் குதிகாலின் மேல்விளிம்பையும் நாக்கின் இரு பக்க மடிப்பையும் கட்டைவிரலால் முன்னும் பின்னும் வளைத்துவிடுங்கள், ஒவ்வொரு காலுக்கும் ஐந்து நிமிடம். தோல் தைலத்தை வெளியே மட்டும் பூசினால் பலன் குறைவு, பூச்சு அதை உள்ளே விடாது. துணி வைக்காத இடங்களில் உள்புறமாகப் பூசினால் தோல் உறிஞ்சிக்கொள்ளும். முதல் மூன்று நாள் வீட்டுக்குள் அரை மணி நேரம் போதும். மேலிருக்கும் இரண்டு துளைகளைக் கட்டாமல் விடுங்கள், முன்னங்காலில் விளிம்பு அறுக்காது. நான்காம் நாளிலிருந்து பக்கத்துக் கடை, காப்பிக்கடை வரை. இரண்டாம் வாரத்தில் அரை நாள். குதிகாலில் ஒட்டும் பிளாஸ்டரைக் கொப்புளம் வருவதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள். வந்த பிறகு ஒட்டினால் அதுவே உராய்ந்து தோலை உரிக்கும்.

காலுறை பருத்தியில் வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு அப்படியே நிற்கும், நனைந்த துணி தேய்த்துத்தான் கொப்புளமே வருகிறது. மெல்லிய மெரினோ கம்பளியோ கம்பளி கலந்த செயற்கை இழையோ நல்லது. காலுறை பூட்ஸ் விளிம்புக்கு மேலே இரண்டு விரல் அளவாவது தெரிய வேண்டும். முடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டிப் பழக்கும் காணொளிகளைப் பார்த்து அப்படியே செய்து, பூச்சு வெடித்து, சோல் ஓரம் இளகிப்போன ஜோடிகள் நிறைய. அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

நாக்கு வெளிப்பக்கமாகச் சரிந்துகொண்டே போவது இந்த வடிவத்தின் பழைய குறை. லேஸ் கோக்கும்போது கீழிருந்து மூன்றாவது துளையில் நின்று, நாக்கை உள்பக்கமாகக் கொஞ்சம் இழுத்துவிட்டு மேலே தொடருங்கள். இரண்டு வாரத்தில் மடிப்பு அந்த இடத்தில் நிலைத்துவிடும்.

வாசலில் கழற்றும் வீடு

எட்டுத் துளை பூட்ஸ் செய்த ஊரில் அதோடேயே வீட்டுக்குள் போவார்கள். நாம் வாசலிலேயே கழற்றுகிறவர்கள். கோவிலுக்குப் போனால் இன்னொரு தடவை, தீபாவளிக்கு நான்கு வீடு ஏறினால் நான்கு தடவை கழற்றிப் போட வேண்டும். குறுக்கே ஏணிப்படி மாதிரி கோக்கும் கட்டு பார்க்க அழகு. ஆனால் கழற்ற இரண்டு நிமிடம், போட மூன்று நிமிடம். கூடவே வரும் 140 சென்டிமீட்டர் லேஸ் அந்தக் கட்டுக்கு எட்டாது, 210 வேண்டும். நேர்க்கோட்டுக் கட்டு எட்டு ஜோடித் துளைக்கு அளந்து வைத்தது போல அமையும். இரட்டைப்படை எண்ணிக்கை என்பதால் கடைசியில் இரண்டு முனையும் ஒழுங்காக வெளியே வரும். மேல் மூன்று வரிசையைத் தளர்த்தினால் கால் வெளியே வந்துவிடும். அன்றாடம் போட்டுக் கழற்றுகிறவருக்கு இதுவே போதும்.

அவசரக்காரர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, துளைகளில் கோத்து மாட்டும் ஜிப் பட்டை. எட்டுத் துளைக்கு என்று கேட்டு வாங்க வேண்டும், இறுக்கத்தை ஒருமுறை சரிசெய்துவிட்டால் பிறகு ஜிப்பை மட்டும் இழுத்தால் போதும். ஜிப் போனாலும் பட்டையைத்தான் மாற்ற வேண்டும், பூட்ஸுக்கு ஒன்றும் ஆகாது. இன்னொன்று, பக்கத்தில் ஜிப் வைத்தே வரும் ஜேடன் வகை. தடித்த சோல், உயரம் கூடும், எடையும் கூடும். இப்போதைய பிள்ளைகள் அதிகம் கேட்பது இதைத்தான். அந்த ஜிப் தோலோடு தைத்தது, பழுதானால் தையல் பிரித்து மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை ஜிப் பற்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுவது நல்லது.

லேஸ் நிறம் பற்றி ஒரு எச்சரிக்கை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஸ்கின்ஹெட் கூட்டத்தின் ஒரு பகுதி இனவெறிக் கட்சிகளின் பக்கம் சாய்ந்தபோது, கறுப்பு பூட்ஸில் ஏணிக்கட்டாகக் கோத்த வெள்ளை லேஸ் அவர்களுடைய சின்னமானது. சில இடங்களில் சிவப்பும் அப்படி. அதை எதிர்த்த ஸ்கின்ஹெட்டுகள் 1987-ல் நியூயார்க்கில் ‘ஷார்ப்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இங்கே மலாய், இந்தியப் பையன்கள் ஸ்கின்ஹெட்டாக நடந்த ஊரில் அந்தக் குறியீடு ஒட்டவில்லை, இன்று வெள்ளை லேஸைப் பார்த்து யாரும் எதுவும் நினைப்பதில்லை. படிக்கவோ கச்சேரி பார்க்கவோ ஐரோப்பாவுக்கு அந்த பூட்ஸோடு போகிற பிள்ளை மட்டும் கறுப்பு லேஸுக்கோ மஞ்சளுக்கோ மாற்றிக்கொள்ளட்டும்.

சேலைக்கும் பாவாடைக்கும் கீழே 1460 போடும் பெண்களை இப்போது விழாக்களில் பார்க்கலாம், எங்களுக்கு மிகவும் பிடித்த சேர்க்கை அது. பூட்ஸைப் போட்டுக்கொண்ட பிறகு சேலை கட்டுங்கள். குதிகால் சுமார் 3 சென்டிமீட்டர் உயர்த்தும், வெறுங்காலில் அளந்த கொசுவம் பிறகு தூக்கிக்கொண்டு நிற்கும். பின்னால் இருக்கும் இழுவளையத்தில் சேலையின் ஃபால்ஸ் மாட்டிக் கிழியாமல் இருக்க வளையத்தை உள்ளே மடித்துவிட வேண்டும்.

ஈரம், பூசணம், பாலிஷ்

சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 பக்கம் இறங்கும். தோலில் பூசணம் வளர இதைவிட வசதி வேண்டாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு வாசலில் இருக்கும் காலணி அலமாரி காற்றோட்டமானது, ஆனால் சாரல் அடிக்கும். பொது நடைவழியில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும் என்பதால் ஆழமான அலமாரியும் வைக்க முடியாது. படுக்கையறை அலமாரியில் சாரல் இல்லை, காற்றும் இல்லை. எங்கள் தேர்வு, வீட்டுக்குள் கதவில்லாத அடுக்கு. வாங்கிய பெட்டியிலேயே திரும்ப வைக்காதீர்கள், அட்டையும் தாளும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பையில் கட்டுவது அதைவிட மோசம். ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா வைத்தால் பூட்ஸுக்குக் கீழ்த்தட்டில் வையுங்கள். அதில் சேரும் தண்ணீர் தோலில் சிந்தினால் அந்த இடம் சுருங்கி இறுகிவிடும்.

மழையில் முழுக்க நனைந்தால் லேஸை எடுத்து, நாக்கை முன்னால் இழுத்து, இன்சோல் இருந்தால் வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கி விரல் நுனி வரை திணியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றி, மின்விசிறிக் காற்றில் படுக்கவைத்துவிடுங்கள். ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் ஆகும். வெயிலில் வைத்தால் வெளிப்புறம் மட்டும் காய்ந்து வெடிக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருந்து நாற்றமெடுக்கும். நனையாத நாளிலும் ஒரே ஜோடியை இரண்டு நாள் தொடர்ந்து போடாதீர்கள். வியர்வை காய ஒரு நாள் வேண்டும்.

பாலிஷ் விஷயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நிபுணர் இருக்கிறார். ராணுவத்தில் தேசிய சேவை முடித்த அப்பாவோ அண்ணனோ கிவி டப்பாவையும் பஞ்சையும் எடுத்துத் துளித் தண்ணீர் சேர்த்து வட்டம் போட்டால் கண்ணாடி மாதிரி வரும். ஆனால் அந்த வித்தையை 1460-ல் முனையோடு நிறுத்துங்கள். பாதம் மடங்கும் இடத்தில் மெழுகு அடுக்கினால் இரண்டு மணி நேர நடையில் வெள்ளைக் கோடுகளாக வெடித்து நிற்கும். நாப்பாவுக்கும் கிரீஸிக்கும் அந்தப் பளபளப்பு முயற்சியே வேண்டாம், குதிரைமுடி பிரஷ்ஷும் மாதம் ஒருமுறை கொஞ்சம் கிரீமும் போதும். மஞ்சள் தையலில் கறுப்பு பாலிஷ் ஏறிவிட்டால் பழைய பல்துலக்கியில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு நூல் ஓட்டத்திலேயே தேய்க்க வேண்டும்.

சோல், தையல், பழைய ஜோடி

சோலில் எண்ணெய், கொழுப்பு, அமிலம், பெட்ரோல், காரம் தாங்கும் என்று பொறித்திருக்கும். கழுவிவிட்ட தரை அந்தப் பட்டியலில் இல்லை. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கடை வாசல் ஓடுகள், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மழைநீர் தேங்கிய பளிங்குத் தரை, ஈரச்சந்தைப் படிக்கட்டு, இங்கெல்லாம் பிவிசி வழுக்கும். புது சோல் இன்னும் கூடுதலாக வழுக்கும். சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் ஒரு வாரம் நடந்த பிறகு பிடிப்பு வரும்.

வழக்கமான செருப்புத் தைப்பவரிடம் முழு சோல் மாற்ற முடியாது, உருக்கி ஒட்டியதைப் பிரிக்க வழியில்லை. ஓரம் பிளந்தால் ஒட்டலாம், ஆனால் எந்தப் பசை என்று கேளுங்கள். வழக்கமான மஞ்சள் பசை பிவிசியில் நிற்காது. பிவிசிக்குள் இருக்கும் மென்மையாக்கி அந்தப் பசையை இளக்கிவிடும், சில வாரத்தில் மறுபடி வாய் பிளக்கும். பாலியூரித்தேன் பசை வேண்டும். ஒட்டுவதற்கு முன் இரு பக்கமும் சொரசொரப்பாக்கித் துடைக்க வேண்டும். குதிகாலின் வெளிமூலை தேய்ந்து பள்ளம் விழும் வரை விடாதீர்கள். சோலுக்குள் காற்றறைகள் இருக்கின்றன. அதுவரை தேய்ந்தால் மழைநீர் உள்ளே புகுந்து, நடக்கும்போதெல்லாம் சளக் சளக் என்று சத்தம் வரும், அதற்கு மருந்தில்லை. பாதி தேய்ந்ததும் அந்த மூலையில் ரப்பர் துண்டு ஒட்டிக்கொள்ளலாம்.

கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. நான்கு மணி நேரம் நின்றாலும் குதிகால் வலிக்காது, அந்தக் காற்றறைகளின் பலன் அது. ஆனால் கூட்டம் முட்டி மோதும் இடத்துக்கு இரும்பு முனை வைத்த வகையைப் போட்டுப் போகாதீர்கள். சாதாரண 1460-ல் இரும்பு கிடையாது; இருக்கும் தோலே உங்கள் விரலைக் காக்கப் போதும், பக்கத்தில் இருப்பவர் விரலையும் நசுக்காது. லேஸை இரட்டை முடிச்சுப் போட்டு முனைகளை உள்ளே செருகிவிடுங்கள்.

பழைய பொருள் விற்கும் கரோசெல் செயலியில் பழைய ஜோடி வாங்குவதும் நல்ல யோசனைதான். பழக்கும் வேலையை வேறு யாரோ முடித்து வைத்திருப்பார்கள். படத்தில் பார்த்து முடிவு செய்யாமல் நேரில் கையில் எடுத்து, முன்பாதத்தை மடக்கி, வெல்ட்டும் சோலும் சேரும் கோட்டைப் பாருங்கள். மயிரிழைப் பிளவு இருந்தாலும் விட்டுவிடுங்கள். பின்வளையத்தில் மஞ்சள் எழுத்து தெளிவாக நெய்யப்பட்டிருக்க வேண்டும். போலியில் எழுத்து மங்கலாகவும் மஞ்சள் தையல் கோணலாகவும் இருக்கும். உள்ளே மூக்கை வைத்துப் பாருங்கள். பூசண நாற்றம் உள்துணியில் ஊறியிருந்தால் போகாது.

அப்பாவோ மாமாவோ 1990களில் போட்ட ஜோடி அலமாரி உச்சியில் கிடந்தால் கடைக்குப் போவதற்கு முன் அதை இறக்குங்கள். ஒரு எண் பெரிதாக இருந்தாலும் இன்சோல் போட்டுச் சமாளிக்கலாம். முகமூடி போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்துப் பூசணத்தைத் துடையுங்கள். நிறம் போகிறதா என்று நாக்கின் உள்பக்கத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். துடைத்த துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு நாள் காற்றில் காயட்டும். பிறகு தோல் கிரீமை மெல்லியதாகப் பூசி, மறுநாள் இன்னொரு தடவை பூசுங்கள். ஒரேயடியாக அப்பினால் மறுபடி பூசணத்துக்குத்தான் தீனி. லேஸைப் புதிதாக மாற்றுங்கள். பழைய பிவிசி உதிராது, ஆனால் வருடக்கணக்கில் மென்மையாக்கி வெளியேறி விறைத்திருக்கும். அதனால் முதல் நாள் வீட்டுக்குள்ளேயே அரை மணி நேரம் நடந்துவிட்டு, கழற்றி, முன்பாதம் மடங்கும் இடத்தில் சோலின் அடியில் குறுக்கே வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விழவில்லை என்றால் மறுநாள் வெளியே போட்டுப் போகலாம்.